கிடைத்த படமும் கிடைக்காத குரலும்: ‘தி சாக்ரமென்ட்’ திரைப்படம் குறித்து

சங்கத்தின் ஆண்டு மலரில் திகில் படத்தைப் பற்றி எழுதுவதா என்று சில அன்பர்கள் முகம் சுளிக்கலாம். கல்வெட்டு, பழம் நூல் என்று எழுதிக்கொண்டிருந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு என்றும் கேட்கலாம். கேட்கட்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியில் இந்த மாதிரிப் படங்களைத்தான் பார்க்கிறார்கள். நாமும் ஒரு தடவை பார்த்து வைத்தால் தப்பில்லை. எனக்கு இதைப் போட்டுக் காட்டியவனும் என் பேரன்தான். “தாத்தா, இதுல பேயே வராது, தைரியமா பாருங்க” என்றான். பேய் வரவில்லை என்பது உண்மை. தைரியமாகப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.

படத்தின் பெயர் ‘தி சாக்ரமென்ட்’. கிறித்தவர்கள் திருவருட்சாதனம் என்று சொல்வார்களே, அந்தச் சொல். எழுதி இயக்கியவர் டை வெஸ்ட் என்ற அமெரிக்கர், தயாரித்தவர் ஈலை ராத். 2013ல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2014ல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. ‘ஃபவுண்ட் ஃபுட்டேஜ்’ என்று ஒரு வகை உண்டு. கதை மாந்தரே கையில் கேமராவை வைத்துக்கொண்டு எடுத்தது போலவும், அவர்கள் கதி முடிந்தபின் அந்தச் சுருள் யாருக்கோ கிடைத்தது போலவும் அமைப்பார்கள். 1999ல் வந்த ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’டுக்குப் பிறகு இந்த வகை ஊரெல்லாம் பரவிவிட்டது. கை ஆடும், படம் ஆடும், ஓடும்போது தரையும் காலும்தான் தெரியும். என் வயதுக்காரர்களுக்குத் தலை சுற்றும். இந்தப் படத்தில் அந்தத் தொல்லை குறைவு. கேமராவைப் பிடிப்பவர்கள் தொழில் தெரிந்த செய்திக்காரர்கள் என்று கதையிலேயே வைத்துவிட்டார்.

கதை சிறியது. பேட்ரிக் என்ற புகைப்படக்காரனின் சகோதரி கேரோலைன். போதைப் பழக்கத்திலிருந்து மீள ஒரு சபையில் சேர்ந்தவள். அந்தச் சபை நாட்டை விட்டே போய், எங்கோ காட்டுக்குள் ‘ஈடன் பாரிஷ்’ என்று ஒரு குடியிருப்பை அமைத்திருக்கிறது. அவள் வரச் சொல்லி எழுத, பேட்ரிக்கோடு ‘வைஸ்’ நிறுவனச் செய்தியாளன் சாம், ஒளிப்பதிவாளன் ஜேக் இருவரும் ஹெலிகாப்டரில் போய் இறங்குகிறார்கள். வாசலில் துப்பாக்கி. உள்ளே போனால் தோட்டம், பள்ளி, வைத்தியசாலை, சிரித்த முகங்கள். கேட்டவர்களெல்லாம் இதுதான் சொர்க்கம் என்கிறார்கள். எல்லோரும் ‘ஃபாதர்’ என்று அழைக்கும் தலைவரை மட்டும் சாயங்காலம்தான் பார்க்க முடியும்.

அந்தச் சாயங்காலக் காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். ஃபாதராக நடித்தவர் ஜீன் ஜோன்ஸ். ‘நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்’ படத்தில் நாணயம் சுண்டும் காட்சியில் பெட்ரோல் பங்குக் கிழவராக வந்து வெலவெலத்து நின்றாரே, அவரேதான். அங்கே பயந்தவர் இங்கே பயமுறுத்துகிறார். குரலை உயர்த்துவதே கிடையாது. பேட்டியைத் தனி அறையில் கொடுக்காமல் மேடையில், ஊர் முழுக்க எதிரே உட்கார்ந்திருக்க, கொடுக்கிறார். சாம் ஒரு கேள்வி கேட்டால் அவர் சாமைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை, கூட்டத்தைப் பார்த்துச் சொல்கிறார். கூட்டம் கை தட்டுகிறது. வறுமை, வன்முறை, நிறவெறி என்று அவர் அடுக்குவதில் பாதி நியாயம் வேறு. இதையெல்லாம் விட்டு வந்தோம், இது தப்பா என்று கேட்கிறார். தப்பு என்று யாரால் சொல்ல முடியும்? பேச்சுவாக்கில், ஊரில் சாமுக்குக் கர்ப்பிணி மனைவி இருப்பதை மெதுவாக எடுத்துப் போடுகிறார். மிரட்டல் என்று சொல்லவும் முடியாது, அக்கறை என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. கேள்வி கேட்க வந்தவன் வாயடைத்துப் போகிறான். இத்தனைக்கும் கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் யாரையும் தொடவில்லை.

மறுநாளே எல்லாம் குலைகிறது. வாய் பேசாத ஒரு சிறுமி உதவி கேட்டு ரகசியமாகச் சீட்டு நீட்டுகிறாள். சிலர் எங்களையும் கூட்டிப் போங்கள் என்று கெஞ்சுகிறார்கள். ஃபாதர் எல்லோரையும் மண்டபத்தில் கூட்டி, இனி வேறு வழியில்லை என்கிறார். கோப்பைகள் வருகின்றன. மகளையாவது காப்பாற்றுங்கள் என்று முந்தின இரவு மன்றாடிய தாயே மகளைத் தன் கையால் கொல்கிறாள். இதற்கு மேல் விவரிக்க எனக்கு விருப்பமில்லை.

இதே 2013ல் ‘வி/எச்/எஸ்/2’ என்ற தொகுப்புப் படத்தில் ‘சேஃப் ஹேவன்’ என்றொரு பகுதி வந்தது. இந்தோனேசியாவில் ஒரு சபைக்குள் படக்குழு நுழைகிற கதை. பயமுறுத்துவதில் அது இதை விடக் கெட்டிக்காரப் படம் என்று பேரன் சொல்கிறான். இருக்கலாம். ஆனால் அங்கே கடைசியில் நிஜமாகவே ஒரு பிசாசு வந்து நிற்கிறது. பிசாசு வந்துவிட்டால் அந்தப் போலிக் குரு சொன்னது மெய் என்று ஆகிவிடுகிறதே! அவனை நம்பிச் செத்தவர்கள் ஏமாறவில்லை என்றாகிவிடும். இந்த மாதிரிக் கதைகளில் பெரும்பாலானவை அந்த ஓட்டை வழியாகத்தான் தப்பிக்கின்றன. டை வெஸ்ட் தப்பிக்கவில்லை. அவர் படத்தில் வானத்திலிருந்து யாரும் வருவதில்லை. மனிதர்கள், ஒரு ஒலிபெருக்கி, ஒரு கோப்பை, அவ்வளவுதான்.

அவர் எங்கிருந்து எடுத்தார் என்பதில் ஒளிவு மறைவில்லை. 1978 நவம்பர் 18 அன்று தென் அமெரிக்காவின் கயானா நாட்டில் ஜோன்ஸ்டவுன் என்ற குடியிருப்பில் 909 பேர் இறந்தார்கள். ‘பீப்பிள்ஸ் டெம்பிள்’ என்ற அமெரிக்கச் சபையினர். தலைவர் பெயர் ஜிம் ஜோன்ஸ். கயானா நமக்கு முன்பின் தெரியாத நாடல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்குக் கல்கத்தாவிலிருந்து கப்பலேறியவர்களோடு சென்னையிலிருந்து போனவர்களும் அங்கே உண்டு. இன்றும் அங்கே மாரியம்மன் வழிபாடு இருக்கிறது. ஆனால் ஜோன்ஸ்டவுன் அந்த ஊர்களிலிருந்து வெகு தூரத்தில், வடமேற்குக் காட்டுக்குள் இருந்தது.

உறவினர்களின் புகாரை விசாரிக்க அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயன், என்.பி.சி. தொலைக்காட்சிக் குழுவோடு நவம்பர் 17 அன்று அங்கே போனார். அன்று இரவு மண்டபத்தில் பாட்டு, நடனம், விருந்து. இங்கே சிலர் தங்கள் வாழ்வில் நடந்த நல்லதெல்லாம் இதுதான் என்று நம்புகிறார்கள் போலிருக்கிறது என்ற பொருளில் ரயன் பேச, கைதட்டல் ஓயவே இல்லை. அதே இரவில் ஒருவர் வெளியே போக உதவி கேட்டுச் செய்தியாளர் டான் ஹாரிஸிடம் ஒரு சீட்டைக் கொடுத்தார். படத்தில் வருகிற சீட்டு இங்கிருந்து வந்ததுதான். மறுநாள் போர்ட் கைட்டூமா விமானத் திடலில் சபையின் ஆட்கள் சுட்டதில் ரயன், ஹாரிஸ், ஒளிப்பதிவாளர் பாப் பிரவுன், புகைப்படக்காரர் கிரெக் ராபின்சன், வெளியேற வந்திருந்த பாட்ரிசியா பார்க்ஸ் ஆகிய ஐவரும் மாண்டார்கள்.

இந்த வகைப் படங்களைப் பார்க்கும்போது எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. உயிர் போகிற நேரத்தில் எவனாவது கேமராவைப் பிடித்துக்கொண்டிருப்பானா? கீழே போட்டுவிட்டு ஓட மாட்டானா? பாப் பிரவுன் ஓடவில்லை. சுட வந்தவர்களை அவர் படம் பிடித்துக்கொண்டே இருந்தார், குண்டு அவர் மேல் படும் வரை. அந்தச் சில நொடிகள் இன்றும் இருக்கின்றன. ஜேக் கடைசி வரை கேமராவை விடாததை நம்ப முடியவில்லை என்று குறை சொல்பவர்களுக்கு இதுவே பதில்.

இதுவரை பாராட்டு. இனி என் மனத்தாங்கலைச் சொல்ல வேண்டும்.

படம் நடப்பது இரண்டே நாள். நிஜத்தில் அந்தக் கோப்பை நிரம்ப இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஜிம் ஜோன்ஸ் 1950களில் இண்டியானாபொலிஸில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து உட்காரும் சபையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் அது பெரிய காரியம். 1965ல் கலிபோர்னியாவுக்குப் பெயர்ந்தார். முதியோர் இல்லம், இலவசச் சாப்பாடு, போதையிலிருந்து மீட்பு எல்லாம் நடத்தினார். 1976ல் சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் வீட்டுவசதி ஆணையத்தில் பதவி கிடைத்தது. பெரிய மனிதர்கள் மேடையேறிப் புகழ்ந்தார்கள். 1977ல்தான் கூட்டம் கூட்டமாகக் கயானாவுக்குக் கிளம்பினார்கள். நாற்பது வருஷம் பாத்திரக் கடை நடத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். முதல் நாள் வந்தவனிடம் எவனும் வீட்டுப் பத்திரத்தைக் கேட்பதில்லை. முதலில் ஒரு வேளைச் சாப்பாடு. பிறகு ஞாயிற்றுக்கிழமை. பிறகு சம்பளத்தில் ஒரு பங்கு. வீடு, முதியவர்களின் ஓய்வூதியக் காசோலை, பாஸ்போர்ட் எல்லாம் ஒவ்வொன்றாகப் போனபின் மிச்சம் இருந்தது உயிர் ஒன்றுதான். அதற்கும் ஒத்திகை பார்த்தார்கள். ‘வெள்ளை இரவுகள்’ என்று பெயர் வைத்து, இது விஷம் என்று சொல்லிக் குடிக்கக் கொடுத்து, குடித்தபின் இது சோதனைதான் என்றார்கள். கடைசி நாள் கோப்பையை நீட்டியபோது கை பழகியிருந்தது.

கேமரா எடுத்துப் போகிறவன் இந்த இருபது வருஷத்தை எடுக்க முடியாது. அது இந்த வகைப் படத்துக்கே உள்ள ஊனம். கேரோலைன் ஏன் அப்படி ஆனாள் என்பதற்கு அவள் போதைப் பழக்கக்காரி என்ற ஒரு வரியைத் தவிரப் படத்தில் விடை இல்லை. பார்க்கிற பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? இவர்களெல்லாம் புத்தி பேதலித்தவர்கள், நாமெல்லாம் அப்படி இல்லை என்றுதானே? ஜோன்ஸ்டவுனில் இருந்தவர்களில் ஆசிரியர்கள், செவிலியர்கள், வழக்கறிஞர்கள் இருந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பின மக்கள், அதிலும் பெண்கள் அதிகம். படத்தில் அவர்கள் பின்வரிசைக்குப் போய், கதையை நடத்துகிறவர்கள் வெள்ளையர்களாகிவிட்டார்கள். நிறவெறியிலிருந்து தப்பிக்கத்தான் அத்தனை பேர் அவ்வளவு தூரம் போனார்கள் என்பது அதோடு மங்கிவிட்டது.

இதை விடப் பெரிய குறை இனிமேல் சொல்லப்போவது. ஜோன்ஸ்டவுன் மண்டபத்தில் கடைசி நேரத்தில் ஒலிநாடா ஓடிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய 44 நிமிடம். அமெரிக்கப் புலனாய்வுத் துறை கைப்பற்றி ‘க்யூ 042’ என்று எண் கொடுத்து வைத்த அந்த நாடாதான் நிஜமான ‘கிடைத்த பதிவு’. அதில் ஒரு பெண் குரல் கேட்கிறது. கிறிஸ்டின் மில்லர், வயது அறுபதை ஒட்டியவர். இத்தனை பேருக்கு நடுவில் எழுந்து அவர் ஜிம் ஜோன்ஸிடம் வாதாடுகிறார். ரஷ்யாவுக்குப் போகலாம் என்றீர்களே, அதற்கு நேரம் கடந்துவிட்டதா என்று கேட்கிறார். குழந்தைகளைப் பார்க்கிறேன், அவர்கள் வாழ வேண்டியவர்கள் என்கிறார். எனக்கென்று முடிவெடுக்க எனக்கு உரிமை உண்டு என்கிறார். ஜோன்ஸ் அவரை அதட்டவில்லை, நயமாகத்தான் பதில் சொல்கிறார். அதட்டியது கூட்டம். கூடவே உண்டு உறங்கி உழைத்தவர்கள்தான் அவரைக் கூச்சலிட்டு உட்கார வைத்தார்கள். அவரும் அன்று இறந்தார்.

படத்தில் மறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓடுகிறார்கள், சுடப்படுகிறார்கள். ஆனால் எழுந்து நின்று காரணம் கேட்கிற ஒருவர் மனதில் நிற்கும்படி இல்லை. கேள்வி கேட்கும் பாத்திரம் முழுக்க வெளியிலிருந்து வந்த சாமுக்குப் போய்விட்டது. இது எனக்குச் சம்மதமில்லை. உள்ளே இருந்தவர்களுக்கு நாக்கு இருந்தது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஆட்டு மந்தை. ஆங்கிலத்தில் ‘கூல்-எய்ட் குடித்தான்’ என்று ஒரு வழக்கு வந்து, நம் பிள்ளைகள் அலுவலகத்தில் கூட அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அங்கே கரைத்தது பெரும்பாலும் ‘ஃபிளேவர் எய்ட்’ என்ற வேறு பானம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சுற்றிலும் ஆயுதக் காவல். முதலில் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள், கைக்குழந்தைகளுக்கு ஊசி போடாத பீச்சுக்குழல் வழியாக வாயில். 909 பேரில் 300க்கும் மேற்பட்டவர்கள் சிறுவர்கள். இதற்குத் தற்கொலை என்று எப்படிப் பெயர் வைப்பது?

படம் பார்த்து முடித்ததும் வீட்டுக்கு வந்திருந்த நண்பர் ஒருவர், “நயினார், உங்க மதத்திலயும் இதே மாதிரி உண்டுதானே?” என்றார். விகல்பமில்லாமல் கேட்டார். சல்லேகனையைச் சொன்னார். தமிழில் வடக்கிருத்தல் என்றால் எல்லோருக்கும் புரியும். 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அதைத் தற்கொலைக்குச் சமம் என்றது, அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அன்றிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. கோபித்துக்கொண்டு பிரயோசனமில்லை. படமே அந்தக் கேள்வியை எழுப்புகிறது, பதில் சொல்ல வேண்டியதுதான்.

சமந்தபத்திரர் செய்த இரத்தினகரண்டக சிராவகாசாரம், அதன் வழி வந்த நம் அருங்கலச்செப்பு, இரண்டும் இல்லறத்தாருக்கான ஒழுக்க நூல்கள். தீர்க்க முடியாத இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் என்ற நிலையில்தான் சல்லேகனை. எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பிறகு பால், பிறகு நீர் என்று போக வேண்டும். அதில் ஐந்து குற்றங்கள் சொல்லியிருக்கிறது. இன்னும் வாழ ஆசைப்படுவது குற்றம். சாவு சீக்கிரம் வரட்டும் என்று ஆசைப்படுவதும் குற்றம். அச்சம் குற்றம். உற்றாரை நினைத்து ஏங்குவது குற்றம். மறுமையில் இன்னது கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது குற்றம். இந்தத் தராசில் ஈடன் பாரிஷை வைத்துப் பாருங்கள். எதிரிகள் வருகிறார்கள், குழந்தைகளை வதைப்பார்கள் என்ற அச்சத்தில் தொடங்கி, சாவே விடுதலை என்ற ஆசையில் முடிகிறது. அதே நூல் மலையிலிருந்து விழுவதையும் தீயில் பாய்வதையும் உலக மூடம் என்ற கணக்கில் சேர்க்கிறது. வேடதாரியைக் குருவென்று கொண்டாடுவதற்குப் பாசண்டி மூடம் என்று பெயர். ஃபாதருக்குத் தமிழில் பெயர் தேட வேண்டியதில்லை.

புறநானூற்றில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, உடன் வர நின்ற பொத்தியாரை, உன் மனைவி கருவுற்றிருக்கிறாள், மகன் பிறந்தபின் வா என்று திருப்பி அனுப்பிய செய்தி உண்டு. சாமின் கர்ப்பிணி மனைவியை ஃபாதர் பேச்சில் இழுத்தபோது எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. ஒருவர் அதைச் சொல்லி ஆளைத் திருப்பி அனுப்புகிறார், மற்றவர் அதையே சொல்லி ஆளை மடக்குகிறார்.

ஆனால் நூலைக் காட்டித் தப்பித்துக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. 2016ல் தெலங்கானாவில் 68 நாள் உபவாசம் இருந்த 13 வயதுப் பெண் இறந்துபோனாள், ஊர்வலம் நடத்தினார்கள். மத்தியப் பிரதேசத்தில் மூளைக்கட்டி நோயிருந்த மூன்று வயதுக் குழந்தைக்குச் சந்தாரா ஏற்பித்த செய்தி 2025ல் வந்தது. இரண்டும் சமணக் குடும்பங்கள். குழந்தைக்கு விரதம் என்பதற்கு என்ன பொருள்? மூன்று வயதில் எதைத் துறப்பது? நம்மவர்கள் கூட்டத்தில் இதைக் கேட்டபோது, இந்தப் பேச்சு இங்கே வேண்டாமே என்று பக்கத்தில் இருந்தவர்கள்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அதிலிருந்து கிறிஸ்டின் மில்லரின் குரலை நாடாவில் கேட்கும்போதெல்லாம், பின்னால் எழும் கூச்சலைத்தான் அதிகம் கவனிக்கிறேன்.

படத்துக்கு வருகிறேன். பதினெட்டு வயதுக்குக் கீழே காட்ட வேண்டாம். அதற்கு மேற்பட்டவர்களோடு பெரியவர்கள் கூட உட்கார்ந்து பார்க்கலாம். பேட்டிக் காட்சியை இரண்டு தடவை பார்த்தால் நல்லது. இரண்டாம் தடவை ஃபாதரை விட்டுவிட்டு, கை தட்டுகிறவர்களைப் பாருங்கள். யார் முதலில் தட்டுகிறார், யார் பக்கத்து ஆளைப் பார்த்துவிட்டுத் தட்டுகிறார் என்று கவனித்தால், இயக்குநர் சொல்லாமல் விட்டதில் கொஞ்சம் கிடைக்கும்.

கடைசியில் திரை கறுத்து எழுத்துகள் வருகின்றன, ஒரு எண்ணிக்கையோடு முடிந்துவிடுகிறது. செஞ்சிப் பக்கம் திருநாதர்குன்றில் 57 நாள் நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியருக்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஒரு ஆள், அவர் பெயர், எத்தனை நாள் என்ற கணக்கு. ஜோன்ஸ்டவுனில் இறந்தவர்களில் அடையாளம் தெரியாதவர்கள், கேட்க ஆளில்லாதவர்கள் என்று 400க்கும் மேற்பட்டோரை எந்த ஊரிலும் புதைக்க இடம் கொடுக்கவில்லை. கடைசியில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் எவர்கிரீன் கல்லறைத் தோட்டம்தான் ஏற்றுக்கொண்டது. விமானத் திடலிலும் தலைநகர் ஜார்ஜ்டவுனிலும் இறந்தவர்களையும் சேர்த்து 918 பேருடைய பெயர்களையும் 2011ல் அங்கே கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்த வரிசையில் ஜிம் ஜோன்ஸின் பெயரும் இருக்கிறது. கூடாது என்று சில குடும்பங்கள் எதிர்த்தும் எடுக்கவில்லை. கிறிஸ்டின் மில்லரின் பெயரும் அதே கற்களில்தான் இருக்கிறது.